மோதிய வண்டியிலிருந்து இறங்குவது எப்படி: நெடுஞ்சாலைக்குப் புதியவர்களுக்கு

டிரைவிங் ஸ்கூலில் எட்டுப் போடக் கற்றுக்கொடுக்கிறார்கள். மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் கிளட்சைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். நெடுஞ்சாலையில் எங்காவது முட்டிக்கொண்டு நின்றுவிட்டால் அந்த வண்டியை விட்டு எப்படி இறங்குவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. கதவைத் திறந்து இறங்க வேண்டியதுதானே என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகும் வழி. இரவு ஒன்பதரை மணி. முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போட்டது. நானும் போட்டேன், போதவில்லை. காரின் மூக்கு லாரியின் பின்பக்கத்தில் முட்டி நின்றது. யாருக்கும் பெரிய அடி இல்லை. உடனே நான் செய்த காரியம், என் பக்கக் கதவைத் திறந்தது. பாதி திறந்த கதவை உரசுவது போல ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது கிளப்பிய காற்று கதவைக் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. அதற்குள் என் மாமனார் இறங்கி, காருக்குப் பின்னால் போய் நின்று, செல்போன் டார்ச்சில் பம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காருக்கும் லாரிக்கும் நடுவில் வந்து நின்றாள். லாரி டிரைவர் ஓடிவந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தியது இதுதான்: "சார், முதல்ல எல்லாரையும் கூட்டிக்கிட்டு அந்தக் கம்பிக்கு அந்தாண்ட போங்க. வண்டி எங்கயும் ஓடிடாது."

நாங்கள் நின்ற மூன்று இடங்களும் ஆள் சாகிற இடங்கள். அன்று பின்னால் வந்தவர்கள் எல்லாரும் பிரேக் பிடித்ததால் பிழைத்தோம்.

2023 ஜூலை 20ஆம் தேதி அதிகாலை அகமதாபாத்தின் இஸ்கான் மேம்பாலத்தில் அப்படி யாரும் பிடிக்கவில்லை. முதலில் ஒரு ஜீப் லாரியின் பின்னால் மோதியிருக்கிறது. அதைப் பார்க்கவும் உதவவும் ஆட்கள் சாலையிலேயே கூடினார்கள், காவலர்களும் வந்தார்கள். அப்போது வேகமாக வந்த இன்னொரு கார் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்தது. காவலர் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். முதல் விபத்தைவிட இரண்டாவதுதான் கொன்றது.

நெடுஞ்சாலையில் முட்டிக்கொண்டு நின்றால், மோதல் இன்னும் முடியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி நின்றுவிட்டது, பின்னால் வருவது நிற்கவில்லை. கீழே சொல்லப்போகும் எல்லாம் இந்த ஒன்றை வைத்துத்தான்.

முதல் பத்து விநாடி: கதவில் கை வைக்காதீர்கள்

வண்டி நின்றதும் சீட் பெல்ட்டைக் கழற்றத்தான் கை போகும். கழற்றாதீர்கள். பின்னாலிருந்து அடுத்த இடி இந்த நேரத்திலேயே வரலாம். பெல்ட் போட்டிருப்பவர் பிழைக்கிற இடி, பெல்ட் கழற்றியவரைக் கண்ணாடியில் கொண்டுபோய் அடிக்கும். பெல்ட்டோடு உட்கார்ந்தபடியே செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன.

டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னும். பலரும் அதை பார்க்கிங் லைட் என்பார்கள். மழையில் ஓட்டும்போது அதைப் போட்டுக்கொண்டு போகிற பழக்கம் நம் ஊரில் பரவியிருக்கிறது. அதனால் மின்னும் விளக்கைப் பார்த்தாலும் "வண்டி போய்க்கொண்டிருக்கிறது" என்றே பின்னால் வருபவர் நினைக்கக்கூடும். ஆகவே அந்த விளக்கை மட்டும் நம்பி சாலையில் நிற்க முடியாது. போடத்தான் வேண்டும், அது போதாது.

பிறகு கண்ணாடியைப் பாருங்கள். உள்கண்ணாடி, இரண்டு பக்கக் கண்ணாடி. எந்தப் பாதையில் நிற்கிறோம், பின்னால் என்ன வருகிறது, வருகிறவர் வேகம் குறைக்கிறாரா? இதைத் தெரிந்துகொள்ள மூன்று விநாடி ஆகும். நான் அன்று செலவழிக்காத மூன்று விநாடி அது.

உள்ளே இருப்பவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் சொல்கிறவரிடம் "இறங்காதே, நான் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். பின்சீட்டில் இருப்பவர்கள்தான் பதற்றத்தில் முதலில் கதவைத் திறப்பார்கள். அதுவும் பெரும்பாலும் சாலைப் பக்கக் கதவை.

ஏர்பேக் வெடித்திருந்தால் வண்டிக்குள் புகை மாதிரி ஒன்று பரவும், கருகிய வாசனை அடிக்கும், தொண்டை கரகரக்கும். அது பையை மடித்து வைக்கத் தூவியிருக்கும் பொடியும், பையை ஊதிய வாயுவின் வாசனையும்தான். கார் பற்றிக்கொண்டது என்று பயந்து சாலையில் குதித்துவிடாதீர்கள். நெருப்பு என்றால் பானெட் இடுக்கிலோ காருக்கு அடியிலோ புகை தொடர்ந்து வரும், கூடிக்கொண்டே போகும். ஏர்பேக் தூசி அடங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

வண்டி ஓடுமா?

எஞ்சின் ஓடுகிறது, ஸ்டீயரிங் திரும்புகிறது, யாருக்கும் பெரிய அடி இல்லை என்றால் இறங்குவதற்கு முன் வண்டியை இடது ஓரத்துக்கு ஓட்டிவிடுங்கள். டயர் வெடித்திருந்தாலும் மெதுவாக நூறு மீட்டர் உருட்டலாம். ரிம் கெட்டுப்போகும், ரிம்மைக் காசு கொடுத்து வாங்கலாம். சர்வீஸ் ரோடோ பெட்ரோல் பங்க்கோ கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தால் அங்கேயே கொண்டுபோங்கள்.

"வண்டியை நகர்த்தினால் தப்பு யாருடையது என்று எப்படித் தெரியும்?" என்று ஒருவர் சாலை நடுவில் காரை நிறுத்திவிட்டு வாதாடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். சின்ன உரசலுக்கு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணாடி வழியாக இரண்டு படம் எடுத்தால் போதும். எதிர்த்தரப்பு வண்டியின் எண் தெரிகிற மாதிரி ஒன்று, சாலைக் கோடுகள் தெரிகிற மாதிரி ஒன்று. உயிர்ச் சேதமோ பலத்த காயமோ இருந்தால் கதை வேறு. அப்போது போலீஸ் வந்து பார்க்கும்வரை வண்டி அங்கேயே இருக்கட்டும், ஆட்கள் மட்டும் சாலையை விட்டு வெளியேற வேண்டும்.

வண்டி ஓடாது, அல்லது பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்றால் எஞ்சினை அணைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். மின்னும் விளக்கு எரியட்டும்.

எந்தப் பக்கக் கதவு?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நாம் சாலையின் இடதுபுறம் ஓட்டுகிறோம். ஸ்டீயரிங் வலதுபுறம் இருக்கிறது. ஆகவே இடது ஓரத்தில் நிற்கும் காரில் டிரைவர் கதவு திறப்பது ஓடும் வண்டிகளின் முகத்துக்கு நேராக. வண்டியில் இருப்பவர்களில் மிக ஆபத்தான கதவு டிரைவருக்குத்தான் வாய்த்திருக்கிறது. எல்லாருக்கும் முன்னால் பதறிக்கொண்டு இறங்குபவரும் அவர்தான்.

இடது ஓரத்தில் நிற்கிறீர்கள் என்றால் எல்லாரும், டிரைவர் உட்பட, இடது பக்கக் கதவு வழியாகவே இறங்க வேண்டும். பின்சீட்டில் வலப்புறம் உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து இடப்புறம் வரட்டும். முன்சீட்டில் இருப்பவர் முதலில் இறங்கி வழி விடட்டும். பிறகு டிரைவர்: சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். இடது காலை கியருக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் வையுங்கள். இடது கையைப் பக்கத்துச் சீட்டில் ஊன்றி இடுப்பை நகர்த்துங்கள். கடைசியாக வலது கால். மேலே இழுத்திருக்கும் ஹேண்ட் பிரேக் தொடையில் குத்தும், அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பழகாதவருக்கு இது அரை நிமிஷ வேலை.

இடது கதவையும் கண்ணை மூடிக்கொண்டு திறக்கக் கூடாது. நம் நான்கு வழிச்சாலைகளின் ஓரத்தில் எதிர்த்திசையில் வரும் பைக்குகள் சாதாரணம். பக்கத்து ஊருக்கு யூ டர்ன் போட நாலு கிலோமீட்டர் போகணுமே என்று ஓரமாகவே வந்துவிடுவார்கள். முன்னாலும் பின்னாலும் பார்த்துவிட்டு, கொஞ்சமாகத் திறந்து, மறுபடி பார்த்துவிட்டுத்தான் காலை வெளியே வைக்க வேண்டும்.

வண்டி சென்டர் மீடியன் பக்கம் போய் நின்றுவிட்டால் எல்லாம் தலைகீழ். அப்போது வலது கதவுதான் பாதுகாப்பான கதவு, இடது கதவுகள் ஓடும் பாதையில் திறக்கும். வலதுபுறமாக இறங்கி, நேரே மீடியனுக்குள், அரளிச் செடிகளுக்கு நடுவில் ஏறி நில்லுங்கள். மீடியனில் ரொம்ப நேரம் நிற்பது நல்லதல்ல. ஆனால் இரண்டு பாதையைக் குறுக்கே ஓடிக் கடந்து இடது ஓரத்துக்குப் போவது அதைவிட மோசம். இரவில், வருகிற வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் இரண்டு விளக்குப் புள்ளிகளை வைத்து யாராலும் சரியாகக் கணிக்க முடியாது. உதவி வந்து வண்டிகளை நிறுத்தும்வரை மீடியனிலேயே, காரை விட்டுத் தள்ளி இருங்கள்.

வயதானவர், கர்ப்பிணி, உடல் பெருத்தவர், முட்டி மடங்காதவர் என்று சீட்டைத் தாண்ட முடியாதவர்கள் டிரைவர் சீட்டில் இருக்கலாம். வேறு வழியில்லாமல் சாலைப் பக்கக் கதவைத் திறக்க வேண்டியிருந்தால், அதை இடது கையால் திறக்கச் சொல்லுங்கள். வலது பக்கக் கதவுக்கு இடது கையை நீட்டினால் தோளும் தலையும் தானாகவே பின்பக்கம் திரும்பும், வருகிற வண்டி கண்ணில் படும். வண்டிகளுக்கு நடுவில் பெரிய இடைவெளி வரும்வரை காத்திருந்து, இறங்கி, உடனே கதவை மூடிவிட்டு, வண்டிகள் வரும் திசையைப் பார்த்தபடியே காரைச் சுற்றிக்கொண்டு ஓரத்துக்குப் போய்விட வேண்டும். நடுவில் நின்று செருப்பைத் தேடக் கூடாது, பையை எடுக்கக் கூடாது.

குழந்தைகள் பின்சீட்டில் இருந்தால் சைல்டு லாக் போட்டிருப்பீர்கள், உள்ளிருந்து திறக்காது. பெரியவர் ஒருவர் முதலில் பாதுகாப்பான பக்கம் இறங்கி, வெளியிலிருந்து திறந்து, குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து இறக்க வேண்டும். விரலைப் பிடித்தால் உருவிக்கொண்டு ஓடிவிடும்.

இறங்கவே கூடாத நேரமும் உண்டு

மூன்று பாதை, நான்கு பாதைச் சாலையில் நடுப்பாதையில் நின்றுவிட்டீர்கள்; இரண்டு பக்கமும் வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருக்கின்றன. மதுரவாயல் பைபாஸிலோ ஏதாவது மேம்பாலத்திலோ இது நடக்கும். கதவைத் திறந்தால் அடிபடுவது உறுதி என்கிற நிலை இருந்தால் உள்ளேயே இருங்கள். பெல்ட் போட்டபடி, தலையைச் சீட்டின் தலைச்சாய்வில் ஒட்டிவைத்து, விளக்குகளை மின்னவிட்டு, 112க்கு அழையுங்கள். வண்டிகள் நின்று தேங்கிய பிறகு இறங்கலாம்.

நெருப்பு, புகை, வண்டிக்குள் தண்ணீர் என்று ஏதாவது ஒன்று வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது எப்படியாவது வெளியே வர வேண்டும்.

இறங்கியாகிவிட்டது, எங்கே நிற்பது?

பெரும்பாலானவர்கள் கதவு விஷயத்தில் தப்பித்துவிட்டு இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். இறங்கியதும் கால் தானாகவே வண்டியின் முன்பக்கம் போகும், எவ்வளவு அடி என்று பார்க்க. அல்லது டிக்கிக்குப் போகும். பின்னால் நிற்பவரின் உடம்பு, எரிகிற பின்விளக்கை மறைக்கிறது. டிக்கியைத் திறந்து வைத்தால் சில கார்களில் விளக்கும் கதவோடு மேலே போய்விடும். முன்னால் நிற்பவரோ, பின்னாலிருந்து இடி விழுந்தால் தன் காராலேயே அடிபடுவார். இரண்டு வண்டிக்கு நடுவில் நிற்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஓரத்தில் வளைந்த இரும்புத் தகட்டுத் தடுப்பு இருந்தால் அதைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுங்கள். தாண்டியதும் அதில் சாய்ந்து உட்காராதீர்கள். மோதினால் வளைந்து கொடுக்கவே செய்யப்பட்ட தகடு அது. இரண்டு மூன்று மீட்டராவது தள்ளிப் போங்கள். தடுப்பே இல்லாத இடத்தில் சாலைச் சரிவில் இறங்கி வயலோரத்துக்கோ மரத்தைத் தாண்டியோ போங்கள்.

அங்கேயும் உங்கள் காருக்கு நேர் எதிரில் நிற்காமல், வண்டிகள் எந்தத் திசையிலிருந்து வருகின்றனவோ அந்தத் திசையில் முப்பது நாற்பது அடி நடந்து நில்லுங்கள். காரணம் எளிது. நிற்கும் காரின் மேல் இன்னொன்று மோதினால் இரண்டும் முன்னோக்கித்தான் தள்ளப்படும், சுழன்றுகொண்டு ஓரத்திலும் சாயும். மோதிய இடத்துக்குப் பின்பக்கம் இருப்பவரை அது தொடும் வாய்ப்பு குறைவு. இன்னொரு லாபம், வருகிற வண்டிகள் உங்கள் கண்ணெதிரே இருக்கும்.

இருட்டில் தடுப்பைத் தாண்டுவதற்கு முன் அந்தப் பக்கம் தரை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நம் நெடுஞ்சாலைகளில் அடிக்கடி ஒரு சிறுபாலமாவது ஓடைப் பாலமாவது வரும். பகலில் பார்த்தால் பத்தடி ஆழம், இரவில் வெறும் கருப்பு. ஆற்றுப் பாலங்களில் போகிற பாதைக்கும் வருகிற பாதைக்கும் தனித்தனிப் பாலமாகக் கட்டியிருப்பார்கள், நடுவில் இடைவெளி திறந்து கிடக்கும். மீடியன் என்று நினைத்துக் கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் நேரே ஆறுதான். பாலத்தின் மேல் நின்றுவிட்டால் சுவரை ஒட்டியபடியே, ஒருவர் பின் ஒருவராக, பாலம் முடியும்வரை நடந்துபோய் வெளியேறுங்கள்.

பின்னால் வருபவருக்குச் சொல்வது

எல்லாரையும் பத்திரமாக நிறுத்திய பிறகுதான் இது. காரோடு வரும், சாலையில் விரித்து வைக்கிற சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் பெரும்பாலும் டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் பிளாஸ்டிக் உறையோடு தூங்கிக்கொண்டிருக்கும். அதைக் காரிலிருந்து பத்தடி தள்ளி வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது, 100 கிலோமீட்டர் என்றால் 28 மீட்டர். பத்தடி தள்ளி வைத்த முக்கோணத்துக்கும் காருக்கும் நடுவில் டிரைவருக்குக் கண் இமைக்கக்கூட நேரம் இல்லை. நூறு மீட்டர் தள்ளி வைத்தால் ஏறக்குறைய நாலு விநாடி கிடைக்கும். ஒரு லாரி டிரைவர் பார்த்து, புரிந்து, பிரேக் அழுத்தி, பாதை மாற அந்த நாலு விநாடி வேண்டும். சாதாரண நடையில் நூறு மீட்டர் என்பது சுமார் 130 காலடி வைக்கும் தூரம். வளைவுக்குப் பின்னால் நிற்கிறீர்கள் என்றால் வளைவு தொடங்குவதற்கு முன்பே வையுங்கள்.

முக்கோணத்தை விரித்து, சிவப்பு முகம் வருகிற வண்டிகளைப் பார்க்கும்படி உடம்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, தடுப்புக்கு அந்தப் பக்கமாகவே நடங்கள். திரும்பி வரும்போதும் அதே வழி. தடுப்புக்கு வெளியே நடக்க இடமில்லை, இருட்டு, மழை, வண்டிகள் விடாமல் வருகின்றன என்றால் முக்கோணத்தை விட்டுவிடுங்கள். அதை வைக்கப் போய் யாரும் சாக வேண்டாம்.

முக்கோணம் இல்லாத லாரிக்காரர்கள் வேப்பங்கிளையையோ கருவேலங்கிளையையோ ஒடித்து சாலையில் போட்டு, வரிசையாகக் கல் வைப்பார்கள். கிளையைப் பார்த்தால் "முன்னால் வண்டி நிற்கிறது" என்று நம் சாலைகளில் ஓட்டும் எல்லாருக்கும் புரியும். நல்ல மொழி அது. கல்தான் பிரச்சினை. வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் கல்லை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள், அன்றிரவே ஒரு பைக்காரர் அதில் ஏறி விழுகிறார். கிளை போடுங்கள், கல் வைக்காதீர்கள். யாராவது வைத்திருந்தால் கிளம்பும்போது எடுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மோதலில் கார் சுழன்று எதிர்த்திசையைப் பார்த்து நின்றிருந்தால் ஹெட்லைட்டை அணைத்துவிடுங்கள். அது எதிர்ப்பாதையில் வரும் வண்டி போலத் தெரியும், டிரைவர்கள் குழம்பி உங்கள் பக்கமே வந்துவிடுவார்கள். நான்கு இண்டிகேட்டர் மட்டும் எரியட்டும்.

யாரைக் கூப்பிடுவது

போன் பேசுவது தடுப்புக்கு அந்தப் பக்கம் போன பிறகு. அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. கடைசி எண் பலருக்குத் தெரியாது. அது நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண், சுங்கச்சாவடியில் நிற்கும் ரோந்து வண்டியையும் கிரேனையும் ஆம்புலன்ஸையும் அனுப்புவார்கள். ரோந்து வண்டியில் கூம்பும் சுழல் விளக்கும் இருக்கும். அது வந்தால் பின்னால் வரும் வண்டிகளைத் திருப்பும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

"எங்க சார் இருக்கீங்க?" என்ற கேள்விக்கு "ஹைவேல" என்று பதில் சொல்லி அஞ்சு நிமிஷம் போய்விடும். முதலில் திசையைச் சொல்லுங்கள்: "சென்னையிலிருந்து திருச்சி போகிற பக்கம்." எதிர்ப்பக்கத்துக்கு வந்துவிட்ட ஆம்புலன்ஸ் திரும்பி வரப் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். அடுத்து, தாண்டி வந்த சுங்கச்சாவடி அல்லது ஊர். அப்புறம் கிலோமீட்டர் கல். தலையில் மஞ்சள் பூசிய கல் தேசிய நெடுஞ்சாலை, பச்சை பூசியது மாநில நெடுஞ்சாலை. நீண்ட பயணத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் கற்களைக் கவனித்துக்கொண்டே வருவதை ஒரு வேலையாகக் கொடுக்கலாம், குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

கதவு திறக்காவிட்டால்

மோதலில் கதவுச் சட்டம் நசுங்கினால் கதவு சிக்கிக்கொள்ளும். முதலில் லாக் எடுத்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு தோளால் தள்ளுங்கள், பிறகு மற்ற கதவுகள், பிறகு ஜன்னல். முன்கண்ணாடியில் நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது அது, விரிசல் விடுமே தவிர வழி விடாது. பக்கக் கண்ணாடி பெரும்பாலான கார்களில் சின்னச் சின்னத் துண்டாக உதிர்கிற வகை. நடுவில் அடிக்காமல் மூலையில் அடியுங்கள். இதற்கென்றே கூர்முனை உள்ள சின்னச் சுத்தியல் கிடைக்கிறது, சீட் பெல்ட் வெட்டும் பிளேடும் அதிலேயே இருக்கும். டிக்கியில் போட்டு வைத்தால் பிரயோஜனமில்லை, டிரைவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

கார் தலைகீழாகக் கிடந்தால் பெல்ட்டைச் சட்டென்று கழற்றாதீர்கள். உடம்பின் மொத்த எடையும் கழுத்தில் போய் விழும். ஒரு கையைக் கூரையில் நன்றாக ஊன்றி, காலை டேஷ்போர்டில் முட்டுக்கொடுத்து, மறு கையால் பெல்ட்டை எடுங்கள்.

ஏரியிலோ வாய்க்காலிலோ இறங்கிவிட்டால் போன் செய்யக்கூட நிற்காதீர்கள். தண்ணீர் அழுத்தத்தில் கதவு திறக்காது. கார் மிதக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கண்ணாடியை இறக்கி அதன் வழியே வெளியேற வேண்டும். குழந்தைகள் முதலில்.

மின்சாரக் காராக இருந்து அடியிலிருந்து புகையோ சீறும் சத்தமோ வந்தால் நன்றாகத் தள்ளிப் போய்விடுங்கள். ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதீர்கள். அணைந்த மாதிரி தெரிந்தாலும் பேட்டரி மறுபடி பற்றும். தீயணைப்புத் துறைக்குச் சொல்லும்போது மின்சாரக் கார் என்று சொல்லுங்கள். சிஎன்ஜி கார் என்றால் அதையும்.

அடிபட்டவரை இறக்கலாமா?

சாலை நடுவில் அடிபட்டவரைப் பார்க்கும்போது இரண்டு பேர் கையையும் இரண்டு பேர் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போடுவதுதான் நம் பழக்கம். நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் கழுத்தெலும்பிலோ முதுகெலும்பிலோ அடி இருந்தால் அந்தத் தூக்கலே ஆளை முடக்கிவிடும். மூச்சு இருக்கிறது, நெருப்பு இல்லை, பின்னால் வரும் வண்டிகளை யாரோ நிறுத்தியாகிவிட்டது என்றால் 108 வரும்வரை அசைக்காமல், தலையை இரண்டு பக்கமும் கையால் பிடித்து, பேசிக்கொண்டே இருங்கள். ரத்தம் பீறிட்டால் துணியை வைத்து அழுத்துங்கள். நெருப்பு பிடிக்கிறது, அல்லது வண்டிகள் நிற்காமல் வந்துகொண்டிருக்கின்றன என்றால் இழுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது பின்னாலிருந்து அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, தலையும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் வரும்படி இழுங்கள்.

பைக்கில் விழுந்தவர் எழுந்து நடக்க முடிந்தால், முதலில் தான் ஓரத்துக்குப் போக வேண்டும், பைக் அப்புறம். ஹெல்மெட்டை மற்றவர்கள் கழற்ற வேண்டாம். மூச்சுவிடச் சிரமப்பட்டால் முகக்கண்ணாடியை மட்டும் திறந்துவிடுங்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்பவரையும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் வலியை மறைத்துவிடும், வயிற்றுக்குள் ரத்தம் கசிவது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். செலவைப் பற்றிய பயத்தில் யாரும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவரானாலும், திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். உதவி செய்தால் கோர்ட்டுக்கு அலைய விடுவார்களே என்ற பயமும் இனி வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு உதவுபவரைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

கூட்டம் கூடும்போது

ஐந்து நிமிஷத்தில் இருபது பேர் கூடிவிடுவார்கள். அந்த இருபது பேரும் சாலையில்தான் நிற்பார்கள், இஸ்கான் மேம்பாலத்தில் நின்ற மாதிரி. பொதுவாகக் கத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒருவரைக் குறிப்பாகக் காட்டிச் சொல்லுங்கள்: "தம்பி, நீங்க அந்த டார்ச்சை எடுத்துக்கிட்டு கம்பிக்கு அந்தப் பக்கமாவே நூறு மீட்டர் பின்னால போய் வண்டிகளுக்குக் காட்டுங்க." "அண்ணே, எல்லாரையும் கீழ இறக்குங்க." வேலை கிடைத்தவர் பொறுப்பாகிவிடுவார்.

உங்கள் வண்டியால் யாருக்காவது அடிபட்டிருந்தால், அவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், போலீஸுக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்வதும் 134ஆம் பிரிவின்படி டிரைவரின் கடமை. கூட்டம் அடிக்க வருகிறது என்றால் அங்கேயே நின்றுதான் உதவ வேண்டும் என்று அதே பிரிவு கேட்கவில்லை, கூட்டத்தின் ஆத்திரத்தை அது ஒரு காரணமாக ஏற்கிறது. விலகுங்கள், 108க்கு அழையுங்கள், நேரே பக்கத்து ஸ்டேஷனுக்குப் போங்கள். ஓடி ஒளிவது வேறு, ஸ்டேஷனில் போய் நிற்பது வேறு.

அன்றைக்குப் பிறகு, நீண்ட பயணம் கிளம்பும் முன் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். முக்கோணத்தை டிக்கியிலிருந்து எடுத்து முன்சீட்டுக்கு அடியில் வைக்கிறோம். வாசலில் கார் நிற்கும்போதே ஒரு முறை எல்லாரும் இடது பக்கமாக இறங்கிப் பார்க்கிறோம். என் அம்மாவும் கார் ஓட்டுவார். முதல் தடவை டிரைவர் சீட்டிலிருந்து தாண்டும்போது அவர் சேலை கியரில் சிக்கிக்கொண்டது, இறங்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. இப்போது கொசுவத்தை இடது கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இருபது விநாடியில் இறங்கிவிடுகிறார். என் மகளுக்கு ஆறு வயது. கார் எங்கே நின்றாலும், கதவில் கை வைப்பதற்கு முன் "எந்தப் பக்கம்பா?" என்று கேட்கிறாள்.